சபைக்கு விட்ட கேள்வி

“அதே ஸ்டோருலதான் வைக்கப் போறியா? அதே ஸ்டோரு?”

“ஓம். அதே ஸ்டோருதான். ஏன், அது நடந்து வேற எங்கயும் போயிட்டா?”

“சிரிக்காத புள்ள. ஒனக்கு ஒண்டும் தெரியாது.”

“எல்லாம் தெரியும்கா. வாப்பா ஏசுறார். கரண்ட் இல்ல. நாளைக்குப் பிறை ரெண்டாப் போகும் எண்டு ஊரெல்லாம் கதை. இதுக்கு மேல என்ன தெரியணும்?”

கேட்டவள் ஆதிலா. பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தவள் நதீரா. அவளுடைய வீட்டில், அவளுடைய அறையில்தான் இருந்தோம். எட்டு மணிக்குப் போன கரண்ட் திரும்பி வரவில்லை. கைபேசி வெளிச்சத்தின் மேல் ஒரு தண்ணீர்ப் போத்தலை வைத்திருந்தோம். அறை முழுக்க மங்கலாக ஒரு நீல வெளிச்சம். அதைச் சுற்றி நாங்கள் நாலு பேர்: நதீரா, ஆதிலா, பாண்டிருப்பிலிருந்து வந்த துஷாந்தினி, நான். நதீராவின் உம்மாவும் வாப்பாவும் துக்கம் விசாரிக்க அக்கரைப்பற்றில் ஒரு மௌத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

நதீராவின் மடியில் ஒரு மட்டைப்பெட்டி. அதற்குள் நாலாக மடித்த கேள்வித் துண்டுகளும், பலகைகளில் பூட்டிய மூன்று சைக்கிள் மணிகளும் கிடந்தன. நாளை இரவு பெண்களின் பொது அறிவுப் போட்டி. மூன்று வருடங்களாக அதை நடத்திய சுபைறா டீச்சர், இந்த முறை கேள்வி கேட்கிற கதிரையை நதீராவிடம் கொடுத்திருந்தார். ஆனால் நதீராவின் வாப்பா பின்னேரம் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: அந்த வயல் ஸ்டோரில் என்றால் நடத்தவே வேண்டாம். வேறு இடம் தர ஊரில் ஆள் இல்லை. ஒரு வருடம் நின்றால், அது நின்றதுதான். அது எங்கள் நாலு பேருக்கும் தெரியும்.

ஆதிலா எப்போதும் பகிடி விடுகிறவள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

“என்ட கூட்டாளி முர்ஷிதாவத் தெரியும்தானே? அவட சாச்சிதான் சுபைறா டீச்சர். முதல் வருஷம் அந்த ஸ்டோருல நடந்தத சாச்சி அவளுக்கு மட்டும்தான் சொல்லியிரிக்கா. கேளு. கேட்டுட்டு மறுகா முடிவெடு.”

நாங்கள் நெருங்கி உட்கார்ந்தோம். துஷாந்தினி மட்டும் ஆதிலாவை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஆதிலா சொல்லத் தொடங்கினாள்…

இரவு ஒன்பதரை. கல்முனையிலிருந்து கிட்டங்கிப் பக்கம் போகிற வயல் வீதி. வீடுகள் முடிந்த பிறகு அந்த வீதியில் விளக்கு இல்லை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். எங்கோ வைக்கோல் எரித்த வாசம். தவளைச் சத்தம்கூட இல்லை… தண்ணீர் இருந்தால்தானே தவளை. வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இறங்கி, தனியாக நிற்கிறது மீராமுகைதீன் ஹாஜியாரின் நெல் ஸ்டோர். தகரக் கூரை. யன்னல் கிடையாது. சுவரின் உச்சியில் காற்றுக்கு விட்ட ஓட்டைகள் மட்டும். அந்த வருடம் லொறிக்காரர்கள் நெல்லை வயலில் வைத்தே ஏற்றிக்கொண்டு போனதால், ஸ்டோர் வெறுமையாகக் கிடந்தது.

அங்கே போய் ஏன் போட்டி வைக்க வேண்டும்? வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆண்களுக்கு வருடா வருடம் போட்டி நடக்கும். மேடை, ஒலிபெருக்கி, கேடயம் எல்லாம் இருக்கும். சுபைறா டீச்சர் போய்ப் பெண்களுக்கும் ஓர் இரவு கேட்டபோது, மண்டபத்துக்குப் பொறுப்பானவர் சிரித்தாராம். “ராவைக்குப் பொம்புளைகளுக்கு என்ன போட்டி டீச்சர்? அரை மணித்தியாலத்துல சண்ட பிடிச்சிட்டுப் போயிருவாங்க.”

ஹாஜியார் மட்டும் ஸ்டோர்ப் பூட்டின் திறப்பைக் கொடுத்தார். ஒரே ஓர் இரவுக்கு. அதற்கும் ஒரு நிபந்தனை. ஏழு சுற்று என்று சொன்னால் ஏழு சுற்றும் நடக்க வேண்டும். சண்டை பிடித்தோ பயந்தோ இடையில் கலைந்தால், பிறகு திறப்புக் கேட்டு வரக் கூடாது.

“அந்தப் பக்கம் ஒரு மாதிரி டீச்சர்,” என்றார் ஹாஜியார். “என்ட வேலைக்காரனுகளே பொழுது பட்டு மஃரிபுக்குப் பொறகு நிக்கமாட்டானுகள்.”

“பயமில்ல ஹாஜியார். தலைப்பிறை ராவுலதான் வைக்கிறம். அண்டைக்கு எல்லாத்துக்கும் விலங்குதானே.”

நோன்பு மாதத்தின் முதல் இரவிலேயே சைத்தான்களுக்கு விலங்கு பூட்டப்படும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு எந்தப் பெண்ணும் வயல் வீதிக்குப் பயப்பட மாட்டாள். எந்த ஆணும் பேயைச் சொல்லி மறிக்கவும் முடியாது. சுபைறாவின் கணக்கு அதுதான். துண்டுப் பிரசுரத்திலும் ‘தலைப்பிறை இரவு’ என்றே அச்சடித்தார்.

கணக்குப் பிழையாய்ப் போனது பிறையில்.

அன்றைக்குப் பொழுது பட்டவுடன், ஊரில் ஒரு பகுதிக்குக் கைபேசியில் செய்தி வந்தது. வெளிநாட்டில் பிறை கண்டாயிற்று, நாளை நோன்பு. மற்றப் பகுதி வானொலிக்குக் காத்திருந்தது. எட்டு மணிக்கு அறிவித்தார்கள். நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதம் முப்பதாகப் பூர்த்தியாகும், நோன்பு நாளை மறுநாள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் விடியச்சாமச் சஹர்ச் சாப்பாட்டுக்கு அரிசி ஊறியது. பக்கத்து வீட்டில் நாளை மத்தியானக் கறிக்கு மீன் வெட்டினார்கள். போன் பிறை, றேடியோப் பிறை என்று பெட்டைகள் பெயரும் வைத்துவிட்டார்கள்.

“அப்ப விலங்கு போட்டாச்சா, இல்லியா?” நதீரா இடையில் கேட்டாள்.

“அதுதான்கா கதையே. பேசாம இரி.”

சுபைறா போட்டியைத் தள்ளிவைக்கவில்லை. திறப்பு அந்த ஓர் இரவுக்குத்தானே. இரண்டு பிறைக்காரப் பெண்களும் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். சுபைறாவின் புருசன் முஸ்தாக் தன் ஆட்டோவில் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, ஒரே ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வீதி ஓரத்தில் போய் ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டார். உள்ளே பெண்கள் மட்டும்.

குமிழ் வெளிச்சம் முன்பாதிக்குத்தான் போதும். பின்னால் போகப் போக மங்கல்… அதற்கும் பின்னால் இருட்டு. எல்லோரும் கறுப்பு ஹபாயா. யார் எங்கே இருக்கிறார் என்று எண்ணிப் பார்க்க முடியாது.

மூன்று அணிகள். அணிக்கு மூன்று பேர். அணிக்கொரு சைக்கிள் மணி. கரும்பலகையில் புள்ளி போடுகிற வேலை கஜேந்தினி டீச்சருக்கு.

“எங்கட அம்மா,” என்றாள் துஷாந்தினி மெதுவாக. “ஏன் அவவப் போட்ட எண்டு தெரியுமா? அவவுக்குத்தான் ரெண்டு பிறையும் இல்ல. பக்கம் சாய மாட்டா எண்டு.”

முதல்முறையாகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அறையில் நிற்கவில்லை.

சுபைறா மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து விதியை வாசித்தார். மூன்று அணிக்கும் விடை தெரியாவிட்டால் கேள்வி சபைக்கு விடப்படும். ஒரு கேள்வியை ஒரு தடவை திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். பிறகு கொப்பியை மூடிவிட்டு, அவரே புதிதாக ஒரு விதியைச் சேர்த்தார். உசாரில் சேர்த்ததுதான்.

“சபையில ஆரும் சரியாச் சொன்னா, சபைக்கு ஒரு புள்ளி. மறுகா அந்த ஆள் என்னட்ட ஒரு கேள்வி கேக்கலாம். நான் விடை சொல்லிட்டன் எண்டா அந்தப் புள்ளிய அழிச்சிரணும். சொல்லாட்டி… இந்தக் கதிரைய அந்த ஆளுக்குக் குடுத்திட்டு, நான் போய்ச் சபையில குந்துவன்.”

பெண்கள் கை தட்டினார்கள். சுபைறா டீச்சரை யாரால் மடக்க முடியும்?

முதல் மூன்று சுற்றும் நல்ல கலகலப்பு. கணவாய் மீனுக்கு எத்தனை இதயம் என்ற கேள்விக்கு ஓர் அணி மூன்று என்று சரியாகச் சொல்ல, சபையிலிருந்து ஒரு பெண், “மூணா? கிழமைக்கு ரெண்டு தரம் வெட்டுறன், ஒண்டையும் நான் காணல்லயே!” என்றார். தகரக் கூரை அதிரச் சிரிப்பு. புது நாள் முதலில் பிறக்கிற நாடு எது என்பதற்குக் கிரிபாட்டி என்று விடை வந்தது. “அங்க எந்தப் பிறையாம்?” என்றது ஒரு குரல். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் பாதிப் பேர்தான்.

நாலாவது சுற்று, நொடி; விடுகதைதான். சுபைறா துண்டைப் பிரித்து வாசித்தார்.

“ஊசி காணாத உடுப்பு. ஒருக்கா உடுத்தா கழட்டுறல்ல. அது என்ன?”

டிங். முதல் அணி. “இஹ்ராம் உடுப்பு!”

“இஹ்ராம் கழட்டுறதுதானேகா. ஹஜ்ஜுக்குப் போன ஆக்கள் அதோடயா ஊருக்கு வாற?”

டிங். இரண்டாவது அணி. “வெங்காயத் தோல்!”

“அதக் கழட்டாம எப்படிப் புள்ள கறியாக்குவ?”

மூன்றாவது அணி உதட்டைப் பிதுக்கியது.

“சரி… சபைக்கு விடுறன்,” என்றார் சுபைறா. “இஞ்ச இரிக்கிற ஆரும் சொல்லலாம்.”

இஞ்ச இரிக்கிற ஆரும். அப்படித்தான் சொன்னார். அதைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாராம்.

முதலில் வந்தது வாசம். ஸ்டோருக்குள் அதுவரை இருந்தது பழைய உமித் தூசியும் ஜெனரேட்டர்ப் புகையும்தான். அதற்கு நடுவில்… பச்சையாக, ஈரமாக, இலந்தை இலை கசக்கிய வாசம். அடக்கத்துக்கு முன் மையித்துக் குளிப்பாட்டப் போன பெண்களுக்கு அந்த வாசம் தெரியும். முன்வரிசையில் இருந்த இரண்டு மூன்று பேர் மூக்கை உயர்த்தி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பிறகு குரல். பின்னாலிருந்து. வயதும் இல்லை, இளமையும் இல்லை. தொழுகிற இடத்தில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் வராமல் கதைப்பதுபோல, தணிந்த குரல்.

“கேள்விய இன்னொருக்கா வாசிங்க, டீச்சர்.”

விதியில் உள்ளதுதானே. சுபைறா திருப்பி வாசித்தார்.

“கபன்,” என்றது குரல். கொஞ்சம் பொறுத்து… “பொம்புளைக்கு அஞ்சு துண்டு.”

துண்டில் ‘கபன்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது; மையித்துக்கு உடுத்தும் அந்தத் துணியின் கணக்கு எழுதியிருக்கவில்லை.

விடை சரி. யாரோ ஒருத்தி கை தட்டினாள். ஒரே ஒரு தட்டு. பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். கஜேந்தினி டீச்சர் கரும்பலகையில் ‘சபை’ என்று ஒரு தலைப்பு எழுதி, அதன் கீழ் ஒரு கோடு போட்டார். வெண்கட்டி கிறீச்சிட்டது.

“மாஷா அல்லாஹ்,” என்றார் சுபைறா. “வெளிச்சத்துக்கு வாங்க. பேரச் சொல்லி, என்னட்டக் கேள்வியக் கேளுங்க.”

ஒருவரும் எழும்பவில்லை.

டிங்.

மூன்று அணியும் குனிந்து தங்கள் மணிகளைப் பார்த்தன. மூன்று மணியும் மேசைகளில் இருந்தன. ஒன்றின் மேலும் கை இல்லை. சத்தம் வந்தது பின்னாலிருந்து.

“இண்டைக்கு எந்த ராவு, டீச்சர்?”

நதீரா என் முழங்கையைப் பிடித்தாள்.

அந்தக் கேள்வியின் குணத்தைப் பாருங்கள். அதற்கு எந்த விடை சொன்னாலும் பாதிச் சபை எழும்பிப் போகும். முன்னால் இருந்த ஒருத்தி தாங்காமல் சொல்லிவிட்டாள், “தலைப்பிறை ராவு.” மறுபக்கம் உடனே, “ஆரு சொன்ன? ஷஃபான் முப்பது!” கதிரைக் கால்கள் சீமெந்தில் உரசின. இரண்டு பக்கமும் குரல் ஏறியது. அதற்குள் ஒருத்தி அழுகிற மாதிரிக் கேட்டாள். “ஷஃபான் எண்டா… இன்னும் விலங்கு போடல்லயே?”

“போட்டாச்சு. நோன்பு வந்திட்டு,” என்றாள் இன்னொருத்தி. சொல்லிவிட்டு அவளே நின்றாள். “அப்ப… கேட்டது ஆரு?”

எது சரியென்றாலும் பயம்தான்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் அப்போதுதான் பின்பக்கம் கிறுகிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் இன்னொரு வரிசை இருக்கிறது என்றுதான் அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். குரல் அங்கிருந்துதானே வந்தது. பின்னால் வரிசை இல்லை. கதிரை இல்லை. மூன்றடி தள்ளிச் சுவர்.

அவள் கத்தவில்லை. செருப்பைத் தேடினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அடுத்தவளைப் பார்த்து இன்னொருத்தி…

இந்த இடத்தில் ஆதிலா நிறுத்தினாள். வெளியே எங்கோ ஒரு நாய் குரைத்தது. போத்தலுக்குள் தண்ணீர் மெல்ல ஆடியது. யாரோ காலை அசைத்திருக்க வேண்டும்.

“மறுகா?” என்றாள் நதீரா.

“சுபைறா டீச்சர் முர்ஷிதாவுக்குச் சொன்னாவாம். ‘பயமில்லையெண்டு சொன்னாப் பொய் மகள். ஆனா அந்த மண்டபத்து மனிசன்ட சிரிப்பு என்ட காதுக்குள்ள கேட்டிச்சு. அரை மணித்தியாலத்துல போயிருவாங்க எண்டு சொன்ன சிரிப்பு. பேய விட அது சத்தமாக் கேட்டிச்சு.’”

சுபைறா மூன்று அணிகளின் மணிகளையும் தன் மேசைக்கு இழுத்தார். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துவிட்டு, அணிகளிடமே திரும்பத் தள்ளினார். ஸ்டோர் முழுக்க மணிச் சத்தம்.

“குந்துங்க எல்லாரும்! கேள்வி ஒங்களுக்கில்ல. என்னட்டக் கேட்டது. நான் விடை சொல்லுவன்.”

நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். சுபைறா கதிரையை விட்டு எழும்பவில்லை. கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் முடிகிற இடத்தைப் பார்த்துச் சொன்னார்.

“இண்டைக்கு எங்கட ராவு. விளங்கிச்சா? போன் பிறையும் இல்ல, றேடியோப் பிறையும் இல்ல. ஏழு சுற்று முடியுற வரைக்கும் இது பொம்புளைகள்ட ராவு. இதான் என்ட விடை.”

ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியது. குமிழ் மங்கி, திரும்ப எரிந்தது.

“பிழையெண்டா முன்னுக்கு வாங்க. வெளிச்சத்துல நிண்டு, பேரச் சொல்லி, பிழையெண்டு சொல்லுங்க. கதிரைய ஒழும்பித் தாறன். இருட்டுக்குள்ள இரிந்து சொன்னா நான் எடுக்க மாட்டன். விதி எல்லாருக்கும் ஒண்டுதான்.”

ஒருவரும் வரவில்லை. இலந்தை வாசம் மட்டும் போகவில்லை.

கஜேந்தினி டீச்சர் வெண்கட்டியைப் பிடித்தபடி கேட்டார். “சபைட புள்ளிய அழிக்கவா, சுபைறா?”

“வேணாம். கேட்ட ஆள் ஒத்துக்கொள்ளட்டும். அவசரமில்ல.” பிறகு அடுத்த துண்டைப் பிரித்தார். கடதாசி அவர் கையில் சலசலவென்று நடுங்கிய சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டதாம். ஆனாலும் வாசித்தார். “அஞ்சாவது சுற்று. முதலாம் கேள்வி. கல்லோயாத் திட்டத்துல கட்டின பெரிய குளத்துட பேர் என்ன?”

அணிகள் ஒன்றை ஒன்று பார்த்தன.

டிங். முதல் அணியில் ஒருத்தி. அழுதுகொண்டே அடித்தாள். “சேனநாயக்க சமுத்திரம்.”

“சரி. ஒரு புள்ளி.”

செருப்பைக் கையில் எடுத்தவர்கள் கீழே போட்டார்கள். ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்கள். கடைசி வரிசைக்காரிகள் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, இரண்டு பிறைக்காரிகளும் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தார்கள். ஐந்தாம் சுற்று, ஆறாம் சுற்று, ஏழாம் சுற்று. ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. எந்தக் கேள்வியையும் சபைக்கும் விடவில்லை. பதினொன்றரைக்குக் கேடயம் கொடுத்து முடித்தார்கள்.

முஸ்தாக் ஸ்டோரைப் பூட்டினார். பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து, நபி மேல் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு வயல் வீதியில் நடந்தார்கள். ஆட்டோ முன்வெளிச்சத்தைப் போட்டபடி பின்னால் ஊர்ந்து வந்தது. முதல் வீட்டு வெளிச்சம் தெரிகிற இடத்தில் முஸ்தாக் ஆட்டோவை நிறுத்தினார்.

“சுபைறா… மணிய உள்ளுக்கு விட்டுட்டு வந்திட்டீங்களா?”

“ஏன்?”

“ஸ்டோருக்குள்ள அடிக்குதே.”

சுபைறா தோள் பையைத் திறந்து பார்த்தார். மூன்று மணியும் பைக்குள் இருந்தன.

ஆதிலா மூச்சு விட்டாள். “இதான் கதை. அதுக்குப் பொறகு ரெண்டு வருஷமும் பிறை ஒண்டாத்தான் போன. ஒண்டும் நடக்கல்ல. நாளைக்கு அண்டைக்குப் போலதான்… ரெண்டாப் போகுது. வேணாம் நதீரா. ஒரு வருஷம் விடு. வாப்பா சொல்ற மாதிரிக் கேளு.”

நதீரா பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருந்தாள். அப்போதுதான் துஷாந்தினி வாயைத் திறந்தாள்.

“ஆதிலா, காலையில நடந்தது முர்ஷிதாவுக்குத் தெரியாது போல.”

“காலையில என்ன?”

“அம்மா இதப் பத்திக் கதைக்கவே மாட்டா. ஒருக்கா மட்டும் எனக்குச் சொன்னவ. அடுத்த நாள் விடிய, அவவும் சுபைறா டீச்சரும் ஸ்டோரைக் கூட்டப் போனவங்க. பூட்டு போட்டபடியே இருந்திச்சாம். கதிரை எல்லாம் அடுக்கினபடி. கரும்பலகையில ராவு போட்ட புள்ளி எல்லாம் அப்படியே இருந்திச்சாம். மூணு அணிட புள்ளியும்.” துஷாந்தினி உதட்டை நனைத்துக்கொண்டாள். “சபைட கோடு மட்டும் இல்ல. அழிச்சிருந்திச்சாம். துணியால இல்ல… விரலால. ஈர விரல். வெண்கட்டி கரைஞ்சு கீழ வழிஞ்சு காஞ்சிருந்திச்சு எண்டு அம்மா சொன்னா.”

துஷாந்தினி குரலை இன்னும் தணித்தாள்.

“வாசமும் இருந்திச்சாம். என்ன வாசம் எண்டு அம்மாவுக்குச் சொல்லத் தெரியல்ல. எங்கட ஆக்கள் இலந்தை இலைய அப்படிப் பாவிக்கிறல்லதானே. ‘என்னவோ பச்சிலைய கசக்கின மாதிரி’ எண்டுதான் சொன்னா. அந்த வயல் பக்கம் முழுக்கத் தேடிப் பாத்தவங்களாம். ஒரு இலந்தை மரம் கூட இல்ல.”

ஆதிலா முகத்தைப் பொத்திக்கொண்டாள். “அல்லாஹ்… இதையும் கேட்டிட்டு இன்னும் என்னடி யோசிக்கிற?”

நதீரா நிமிர்ந்தாள். அவள் கண் ஈரமாக இருந்தது. ஆனால் குரல் தடுமாறவில்லை.

“அப்ப அது ஒத்துக்கொண்டிட்டே.”

“என்ன?”

“டீச்சர்ட விடை சரியெண்டு ஒத்துக்கொண்டிட்டு. தன்ட புள்ளியத் தானே அழிச்சிட்டுப் போயிரிக்கு.” நதீரா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “விதி தெரிஞ்ச ஆள்கா அது. விதி தெரிஞ்ச ஆக்களோட எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நாங்க போய் மண்டபம் கேக்கக்குள்ள சிரிக்கிறாங்களே, அவங்க எந்த நாள் பிழையெண்டு ஒத்துக்கொண்ட? எந்தப் புள்ளிய அழிச்ச?”

“நதீரா…”

“நாளைக்கு நடக்கும். அதே ஸ்டோருல. வாப்பா ஏசட்டும். பிறை ரெண்டாப் போகட்டும், மூணாப் போகட்டும். நான் அந்தக் கதிரையில இரிப்பன்.”

பெட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தாள். போத்தல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். “சும்மா பயந்து சாகாம, ஒத்திகை பாப்பம். நான் வாசிக்கிறன். விடை சொல்லுங்க.”

அவள் வாசித்தாள். “இருட்டினாத்தான் தெரியும். விடிஞ்சா காணாது. ஆனா போகல்ல, அங்கயேதான் இரிக்கும். அது என்ன?”

சின்னப் பிள்ளையும் சொல்லும். நட்சத்திரம் என்ற விடை என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. ஆதிலா தலையை ஆட்டினாள். துஷாந்தினி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தருக்கும் தெரியாதா?”

நதீரா ஒவ்வொரு சொல்லாக, மேடையில் சொல்வதுபோலச் சொன்னாள்.

“சரி. சபைக்கு விடுறன்.”

ஆதிலா அவளுடைய கையை எட்டிப் பிடித்தாள். பிந்திவிட்டது. கைபேசி வெளிச்சம் ஒரு தடவை மங்கி, திரும்ப வந்தது. போத்தலுக்குள் தண்ணீர் அசையாமல் நின்றது. எனக்குத்தான் முதலில் தெரிந்தது என்று நினைக்கிறேன்… பச்சையாக, ஈரமாக, கசக்கிய இலையின் வாசம். துஷாந்தினி மெதுவாகத் தலையைத் தூக்கினாள். ஆதிலாவுக்குப் பின்னால் ஓர் அலுமாரி மட்டும்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் சுவர்.

நதீராவின் கையில் கடதாசி சலசலத்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை. எழும்பவும் இல்லை. முதுகை நிமிர்த்தி, வெளிச்சம் முடிகிற இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

தணிந்த குரல். வயதும் இல்லை, இளமையும் இல்லை.

“கேள்விய இன்னொருக்கா வாசிங்க, டீச்சர்.”